பாலாற்றங்கரை மண்ணில் குரோமியம்: எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையைக் கொண்டு ஆராயும் முறை

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் ஊர்களிலும், அவற்றுக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டிக் குப்பம், சித்தூர்ப் பக்கத்திலும் மண்ணையோ கழிவுச் சேற்றையோ ஆராயப் புகும் ஒரு மாணவருக்கு, அதில் மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையல்ல. மாதிரியை அமிலத்தில் கரைத்து, கரைசலிலுள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி கருவியில் கொடுத்தால் அந்த எண் வந்துவிடும். ஆனால் தோலுக்குப் போடும் பேசிக் குரோமியம் சல்ஃபேட்டில் உள்ள மூவிணைதிறக் குரோமியமும், குரோமேட் ஆலைக் கழிவுக் குவியலிலிருந்து மழைக்குப் பின் மஞ்சள் நீராகக் கசியும் அறுவிணைதிறக் குரோமியமும் நச்சுத்தன்மையிலும், நீரில் கரைந்து நகரும் இயல்பிலும் முற்றிலும் வேறுபட்டவை. மாதிரியை அமிலத்தில் கரைத்த உடனேயே அந்த வேறுபாடு அழிந்துபோகலாம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவோ (டிஃப்ராக்ஷன்) படிகமாக ஒழுங்குபட்டதை மட்டுமே தெளிவாகக் காட்டும். சேற்றில் உள்ள குரோமியம் ஹைட்ராக்சைடு பெரும்பாலும் படிகமாக இருப்பதில்லை. மாதிரியைக் கரைக்காமல், அதிலுள்ள ஒரே ஒரு தனிமத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இணைதிறனையும் அதைச் சுற்றி எந்த அணுக்கள் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதையும் கேட்டறிய வேண்டுமானால், எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையே பொருத்தமான வழி. இங்கே குரோமியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இரும்புக்கும் ஆர்சனிக்குக்கும் டைட்டானியத்துக்கும் வேலையின் வரிசை இதுவேதான்.

இம்முறையின் அடிப்படை எளியது. எக்ஸ் கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போய், மாதிரி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறோம். குரோமியத்தின் உட்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்றப் போதுமான 5989 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியதும் உறிஞ்சுதல் செங்குத்தாக ஏறுகிறது. இதுவே குரோமியத்தின் கே விளிம்பு. விளிம்புக்குச் சற்று முன்பிருந்து ஏறக்குறைய 50 எலக்ட்ரான் வோல்ட் அப்பால் வரையிலான வடிவத்தைச் சேன்ஸ் என்கிறோம். இணைதிறனும் அணுவைச் சுற்றியுள்ள வடிவொழுங்கும் அதில் பதிந்திருக்கும். அதற்கு அப்பால் பல நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை நீளும் மெல்லிய அலைவுகள் எக்ஸாஃப்ஸ் எனப்படும். வெளியேறிய எலக்ட்ரானின் அலை அண்டை அணுக்களில் பட்டுத் திரும்பி, தன்னோடு தானே குறுக்கிடுவதால் அவை எழுகின்றன. அந்த அலைவுகளை ஃபூரியர் மாற்றத்துக்கு உட்படுத்தினால் அணுக்களுக்கிடையிலான தொலைவு வெளிப்படும் என்று சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் ஆகிய மூவரும் 1971-இல் காட்டிய பிறகே இது கட்டமைப்பை அளக்கும் கருவியாயிற்று.

முதலில் கேள்வி, பிறகு கதிர்

பலர் தொடக்கத்திலேயே எக்ஸாஃப்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். என் கருத்தில், கேள்வி இணைதிறனைப் பற்றியதானால் அது தேவையற்ற ஆசை. குரோமேட் அயனியில் குரோமியத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாக நிற்கின்றன. அந்த அமைப்பில் சமச்சீர் மையம் இல்லாததால், 5993 எலக்ட்ரான் வோல்ட் அருகே விளிம்புக்கு முன்பாகவே ஒரு கூரிய முகடு உயர்ந்து நிற்கும். மூவிணைதிறக் குரோமியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாக நிற்பதால், அதே இடத்தில் மிகச் சிறிய இரு மேடுகளே தெரியும். எந்தத் தனிமத்துக்கும் இவ்வளவு தெளிவான அடையாளம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே மண்ணில் அறுவிணைதிறம் எத்தனை பங்கு என்ற கேள்விக்குச் சேன்ஸ் மட்டுமே போதும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூவிணைதிறக் குரோமியம் இரும்பு ஹைட்ராக்சைடோடு கலந்திருக்கிறதா, கரிமப் பொருளோடு பிணைந்திருக்கிறதா, குரோமைட் தாதுவாகவே எஞ்சியிருக்கிறதா என்று கேட்கும்போதுதான் எக்ஸாஃப்ஸ் தேவைப்படுகிறது. அதற்குப் பல மணி நேரம் செலவாகும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்த பிறகே கதிர்நேரத்துக்கு, அதாவது கதிரில் அளக்க ஒதுக்கப்படும் நேரத்துக்கு, விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் இந்த அளவீட்டுக்கான முதன்மையான இடம் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2; எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி வலிய எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் அது. 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்கும் அந்த வளையத்தில் பிஎல்-08, பிஎல்-09 என்ற இரு பீம்லைன்கள் (கதிரை மாதிரிக்குக் கொண்டுவந்து அளக்கும் நிலையங்கள்) எக்ஸாஃப்ஸுக்காகவே அமைந்தவை. பிஎல்-09 ஆற்றலைப் படிப்படியாக மாற்றி அளப்பது; 4 முதல் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எட்டும் என்பதால் குரோமியம் அதன் எல்லைக்குள் அடங்குகிறது. விண்ணப்பத்தில் தனிமம், விளிம்பு, ஒவ்வொரு மாதிரியிலும் உள்ள செறிவு, மாதிரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். செறிவை முன்கூட்டியே அளந்து எழுதாத விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு, அது அளக்கக்கூடிய மாதிரிதானா என்று முடிவு செய்ய வழியில்லை.

மாதிரியைத் தயார் செய்தல்

வேலையின் பெரும்பகுதி ஊரிலேயே நடந்து முடிகிறது. குரோமியத்துக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் கையில் எடுக்கும் பெரும்பாலான எஃகுக் கருவிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அந்த எஃகிலேயே குரோமியம் இருக்கிறது. எஃகுக் கரண்டியால் மண்ணை அள்ளி, எஃகுக் குண்டுகள் உருளும் அரைவையில் அரைத்து, எஃகு அச்சில் நேரடியாக அழுத்தினால், நாம் அளப்பதில் ஒரு பகுதி கருவியின் குரோமியமாக இருக்கும். ஆகவே பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, அகேட் கல்வத்தில் அரைத்து, தூளை வில்லையாக அழுத்தும்போது அச்சின் இரு முகங்களுக்கும் மாதிரிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைக்க வேண்டும். பீம்லைனில் மாதிரியைத் தாங்கும் சட்டமும் எஃகாக இருந்தால், கதிரின் ஓரம் அதில் பட்டு ஒளிர்ந்து போலிச் சைகை தரும். காலிச் சட்டத்தில் கேப்டன் (Kapton) என்னும் பிளாஸ்டிக் நாடாவை மட்டும் ஒட்டி ஒரு முறை அளந்து, குரோமியம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மாதிரிக்குச் செல்வது நல்ல பழக்கம்.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். சேற்றை வெப்ப அடுப்பில் வைத்து உலர்த்தினால் அதன் வேதியியல் மாறிவிடலாம்; மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் மூவிணைதிறக் குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து அறுவிணைதிறமாக மாறும் வாய்ப்பும் உண்டு. காற்றில்லாச் சேறாக எடுத்ததை ஈரப்பசையோடே நைட்ரஜன் சூழலில் அடைத்து, கேப்டன் நாடாவுக்கிடையே பசையாகத் தடவி அளப்பதே மேல். வயல் மண்ணானால் நிழலில் காற்றில் உலர்த்துவது போதும். குரோமேட் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதால், தூளாக அரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, புகைபோக்கி அறைக்குள் வேலை செய்ய வேண்டும். வில்லைகளை இரு அடுக்கு உறையில் மூடி எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி, எந்த முறையில் அளப்பது என்ற கணக்கு. ஊடுருவல் முறையில் மாதிரிக்கு முன்னும் பின்னும் கதிரின் செறிவை அளந்து, அவற்றின் விகிதத்தின் மடக்கையை எடுக்கிறோம். விளிம்பில் அந்த மதிப்பு ஏறும் உயரம் 1-ஐ ஒட்டியும், விளிம்புக்கு மேல் மொத்த உறிஞ்சுதல் 2.5-க்கு மிகாமலும் இருப்பது நல்லது. குரோமியத்தின் விளிம்பு ஏற்றம் கிராமுக்கு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையில் 2.6 மில்லிகிராம் குரோமியம் இருந்தால் ஏற்றம் 1 ஆகும். குரோமியம் ஆக்சைடில் இது ஏறக்குறைய 4 மில்லிகிராம். பொட்டாசியம் குரோமேட்டில் இதே ஏற்றத்துக்கு 10 மில்லிகிராம் வேண்டும். ஆனால் பொட்டாசியமும் இந்த ஆற்றலில் நன்றாக உறிஞ்சுவதால் 6, 7 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டு, சற்றுக் குறைந்த ஏற்றத்தை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. இரண்டையும் சுமார் 50 மில்லிகிராம் போரான் நைட்ரைடோடு கலந்து அழுத்தலாம். கூடுதல் போரான் நைட்ரைடு வில்லையை உறுதியாக்கும் என்று 150 மில்லிகிராம் சேர்ப்பவர்கள், 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதுவும் கதிரைத் தின்னும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மண்ணுக்கு இந்தக் கணக்கு வேறு விடை தரும். சிலிக்காவும் கால்சியமும் இரும்பும் கலந்த மண் இந்த ஆற்றலில் கிராமுக்கு 100 சதுர சென்டிமீட்டர் அளவில் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த உறிஞ்சுதல் 2 ஆகும்படி மெல்லியதாக அழுத்தினாலும், 1 சதவீதக் குரோமியம் தரும் விளிம்பு ஏற்றம் 0.1 அளவுக்கே வரும். ஆகவே சில சதவீதத்துக்குக் குறைந்த எந்த மண் மாதிரியையும், கதிர் பட்ட குரோமியம் திருப்பி உமிழும் எக்ஸ் கதிரை அளக்கும் ஒளிர்வு முறையில்தான் அளக்க வேண்டும். அதற்கு வில்லை தடிமனாக இருந்தாலும் குற்றமில்லை.

துகள் அளவைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். விளிம்புக்குச் சற்று மேலே குரோமியம் ஆக்சைடுக்குள் கதிர் 5 மைக்ரான் போவதற்குள்ளேயே பெரும்பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். துகள்கள் அதைவிடப் பெரிதாக இருந்தால், சில இடங்களில் கதிர் முழுக்க உறிஞ்சப்பட்டும், துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் தடையின்றிப் புகுந்தும் செல்வதால் நிறமாலை தட்டையாகி, குரோமேட்டின் முகடு உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். 400 எண் சல்லடையில் சலித்த தூளின் துகளும் 38 மைக்ரான் வரை இருக்கும் என்பதால் சலிப்பது மட்டும் போதாது. குரோமியம் ஆக்சைடுத் தூளை ஐசோபுரொப்பனாலில் கலக்கி, கனத்த துகள்கள் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே மிதக்கும் பச்சை நீர்மத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, வடிதாளில் படியவைத்து உலர்த்தினால் நுண்துகள் கிடைக்கும். பொட்டாசியம் குரோமேட்டுக்கு அகேட் கல்வத்தில் பொறுமையாக அரைப்பதே வழி.

மாதிரியோடு ஒப்பீட்டுப் பொருள்களையும் அதே அக்கறையோடு தயாரிக்க வேண்டும். குரோமியம் ஆக்சைடு, புதிதாக வீழ்படிவாக்கிய குரோமியம் ஹைட்ராக்சைடு, இரும்பு-குரோமியம் கலப்பு ஹைட்ராக்சைடு, குரோமைட், பொட்டாசியம் குரோமேட் ஆகியவை அவசியம். நம் பகுதியில் இன்னொன்றும் எளிதாகக் கிடைக்கும்: குரோமியத்தால் பதனிட்ட ‘வெட் ப்ளூ’ தோலைச் சீவும்போது விழும் நீலச் சீவல். அதில் குரோமியம் தோலின் புரதத்திலுள்ள கார்பாக்சில் குழுக்களோடு பிணைந்திருப்பதால், கரிமப் பிணைப்புள்ள மூவிணைதிறக் குரோமியத்துக்கு அது நல்ல ஒப்பீடு. எந்தக் கடையிலும் வாங்க முடியாத அந்தப் பொருளை டேனரி வாசலில் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள்.

கதிரின் முன்

முதல் வேலை ஆற்றலைச் சரிபார்ப்பது. குரோமியத் தகட்டை அளந்து, அதன் ஏற்றத்தின் முதல் வளைவுமாற்றப் புள்ளியை 5989-இல் நிறுத்த வேண்டும். அத்தகட்டை கதிரின் செறிவை அளக்கும் அயனிக் கலங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே வைத்துவிட்டால் மெல்லிய மாதிரிகளோடு அதுவும் சேர்ந்தே பதிவாகும். தடித்த மண் வில்லையை அளக்கும்போது கதிர் அதைக் கடந்து போகாது என்பதால், சில மாதிரிகளுக்கு ஒருமுறை தகட்டைத் தனியாக அளந்துகொள்ள வேண்டும்.

கதிரின் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் சிலிக்கான் 111 படிகம் தேவையான ஆற்றலோடு அதன் மூன்று மடங்கையும் சேர்த்து அனுப்பும். நாம் 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வேலை செய்யும்போது 18-உம் கலந்து வரும். அதைக் களைய இரண்டாம் படிகத்தைச் சிறிது திருப்பி, செறிவை 60, 70 சதவீதத்துக்குக் குறைப்பது வழக்கம். இதைச் செய்யாவிட்டால், 7112-இல் விளிம்புள்ள இரும்பு அந்த உயராற்றல் கதிரால் ஒளிரத் தொடங்கி உணரியை நிரப்பும். இரும்பு நிறைந்த செம்மண்ணில் இது சிறிய விஷயமல்ல.

இந்த ஆற்றலில் காற்றும் ஒரு தடுப்பே. 10 சென்டிமீட்டர் காற்று ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கதிரை விழுங்கிவிடும் என்பதால், இடைவெளிகளைக் குறைக்கவோ ஹீலியம் நிரப்பவோ வேண்டும். ஒளிர்வு முறையில் மாதிரியைக் கதிருக்கு 45 பாகையில் சாய்த்து, உணரியைக் கிடைமட்டத்தில் 90 பாகையில் வைத்தால் சிதறல் குறையும். உணரியின் சாளரத்தைக் குரோமியத்தின் 5.41 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டைச் சுற்றி அமைக்கும்போது, வனேடியம் உள்ள மண்ணில் அதன் ஒரு கோடு 5.43-இல் விழுந்து கலந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். செறிந்த ஒப்பீட்டுப் பொருள்களை ஒளிர்வு முறையில் அளக்கக் கூடாது. தன்னுறிஞ்சலால் அவற்றின் முகடு குட்டையாகிவிடும். அவற்றை ஊடுருவல் முறையில் அளந்துவிட்டு மண்ணை ஒளிர்வில் அளப்பதே சரியான இணை.

படியளவைப் பொறுத்தவரை, விளிம்புக்கு முன் 5 எலக்ட்ரான் வோல்ட், விளிம்புப் பகுதியில் 0.25 முதல் 0.5 வரை, அதற்கு அப்பால், வெளியேறும் எலக்ட்ரானின் அலை எண்ணில் (ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ் அலகில்) 0.05 என்று வைத்தால் போதும். எக்ஸாஃப்ஸை எதுவரை நீட்டுவது என்பதை மாங்கனீசு முடிவு செய்துவிடுகிறது. அதன் கே விளிம்பு 6539-இல், அதாவது குரோமியத்துக்கு 550 எலக்ட்ரான் வோல்ட் அப்பால் வருகிறது. அலை எண்ணில் அது 12. மாங்கனீசு உள்ள மண்ணில் அதற்கு மேல் அளப்பது வீண். மூவிணைதிறத்தை அறுவிணைதிறமாக்கும் அதே தனிமம் நம் நிறமாலையையும் வெட்டிவிடுகிறது என்பதால், மாங்கனீசின் அளவையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது இரட்டைப் பயன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கதிரே மாதிரியை மாற்றிவிடும் அபாயம். கரிமப் பொருள் மிகுந்த மண்ணில் அறுவிணைதிறக் குரோமியம் கதிர் படப் பட மூவிணைதிறமாக ஒடுங்கும். புதிய இடத்தில் விரைவான சேன்ஸ் அளவீடுகளை அடுத்தடுத்து எடுத்து, 5993 முகட்டின் உயரம் குறைகிறதா என்று ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் மாதிரியை நகர்த்தவும், கதிரைத் தடுப்புத் தகட்டால் மங்கலாக்கவும், இயன்றால் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்விக்கவும் வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியிடும் இணைதிற விகிதத்தை நான் நம்புவதில்லை.

பகுப்பாய்வு

ஏதீனா, ஆர்ட்டெமிஸ், லார்ச் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் எல்லா அளவீடுகளையும் தகட்டோடு ஆற்றலில் பொருத்தி, பழுதானவற்றை நீக்கிச் சராசரி எடுத்து, விளிம்புக்கு முன்னும் பின்னும் கோடு வரைந்து ஏற்றத்தை 1 ஆக்க வேண்டும். பேரியம் உள்ள மண்ணில் அதன் எல் விளிம்பு ஒன்று 5624-இல் இருப்பதால், முன்கோட்டை அதற்கு அப்பாலேயே தொடங்க வேண்டும்.

அறுவிணைதிறப் பங்கைக் கண்டறிய, ஒரு மூவிணைதிற, ஓர் அறுவிணைதிற ஒப்பீட்டுப் பொருள் இரண்டையும் தெரிந்த விகிதங்களில் கலந்து, அதே பீம்லைனில், அதே அமர்வில் அளந்து, முகட்டின் உயரத்துக்கும் விகிதத்துக்கும் இடையே ஒரு நேர்கோடு அமைக்கலாம். வேறொருவர் வேறிடத்தில் எடுத்த நிறமாலையைக் கொண்டு இதைச் செய்யக் கூடாது. முகட்டின் உயரம் பீம்லைனின் ஆற்றல் பிரிதிறனைப் பொறுத்து மாறும். மூவிணைதிறத்தின் சிறு மேடுகளும் அதே இடத்தில் இருப்பதால், மொத்தக் குரோமியத்தில் சில சதவீதத்துக்குக் குறைந்த அறுவிணைதிறத்தை இம்முறையால் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தச் சிறு பங்கும் குடிநீரைக் கெடுக்கப் போதுமானதாக இருக்கலாம் என்பதால், சேன்ஸில் தெரியவில்லை என்பதை மண்ணில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. நீர் கசிவுச் சோதனையையும் உடன் செய்ய வேண்டும்.

எக்ஸாஃப்ஸில் ஃபூரியர் மாற்றம் காட்டும் முகடு உண்மைத் தொலைவைவிட 0.3 முதல் 0.5 ஆங்ஸ்ட்ராம் குறைவாகவே நிற்கும். மூவிணைதிறக் குரோமியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான 1.97 ஆங்ஸ்ட்ராம் தொலைவு வரைபடத்தில் 1.5 அருகே தோன்றினால் அது பிழையன்று. எலக்ட்ரான் அலை அணுக்களில் பட்டுத் திரும்புகையில் ஏற்படும் கட்ட விலகல் அது. ஃபெஃப் நிரலால் கணித்த சிதறல் பாதைகளைப் பொருத்திய பிறகே உண்மை எண் கிடைக்கும். குரோமேட்டின் பிணைப்பு 1.65 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குக் குறுகியது. அலை எண் 3 முதல் 12 வரையிலான தரவுக்குத் தொலைவுப் பிரிதிறன் 0.17 ஆங்ஸ்ட்ராம் என்பதால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும். முதல் ஆக்சிஜன்களுக்கு அப்பாலுள்ள இரண்டாம் கூட்டில் 2.96 அருகே குரோமைட்டும், 3.0 அருகே எண்முகிகள் தம் விளிம்பைப் பகிரும் ஹைட்ராக்சைடும் வருவதால், அவற்றைத் தொலைவை மட்டும் கொண்டு பிரிப்பது ஆபத்தானது. குரோமைட்டில் அதற்கு அப்பாலும் தெளிவான கூடுகள் இருக்கும், உருவற்ற ஹைட்ராக்சைடில் அவை மங்கிவிடும் என்பதையே சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாம் கூட்டில் நிற்பது இரும்பா, குரோமியமா என்று எக்ஸாஃப்ஸ் சொல்லாது. அணு எண்ணில் இரண்டே இரண்டு வேறுபாடுள்ள அணுக்களின் சிதறல் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை அளவுருக்களைப் பொருத்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு: அலை எண் நீளத்தையும் தொலைவு நீளத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி π-ஆல் வகுத்தால் வருவதே உச்சவரம்பு. அலை எண் 3 முதல் 11 வரை, தொலைவு 1 முதல் 2 ஆங்ஸ்ட்ராம் வரை என்றால் அது 5 மட்டுமே. 7 அளவுருக்களைப் பொருத்தி அழகான கோடு வரைந்தால் அக்கோட்டுக்குப் பொருள் ஏதுமில்லை. நல்ல பொருத்தத்தில் தொலைவு 0.02 ஆங்ஸ்ட்ராமுக்குள் உறுதியாகும். அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் 10 முதல் 20 சதவீதம் ஐயம் எப்போதும் இருக்கும். எண்ணிக்கை 5.4 என்று வந்தால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் வெற்றிடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது.

கட்டுரையாக எழுதும்போது மாதிரியை உலர்த்திய முறை, செறிவு, அளந்த முறை, படிகம், தகட்டுக்கு நிறுத்திய ஆற்றல், கதிர்ச் சிதைவுச் சோதனையின் முடிவு, பொருத்திய எல்லைகள், மாறாமல் நிறுத்திய அளவுருக்கள் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். சராசரி எடுப்பதற்கு முந்தைய மூலக் கோப்புகளையும் ஒப்பீட்டுப் பொருள்களின் நிறமாலைகளையும் சேர்த்தே சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டு இதே ஆற்றங்கரையில் மண் எடுக்கும் வேறொரு மாணவர் தன் அளவீட்டை அதனோடு நேரடியாக ஒப்பிட முடியும்.